வேகத்தில் வண்டி உதறினால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?



பருப்பும் வற்றலும் விற்கிறவர் கார் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். இன்று நம்மில் பலரிடம் ஒரு காரோ, சிறிய சரக்கு வேனோ இருக்கிறது. கொள்முதலுக்கும் வசூலுக்கும் அதில்தான் போய் வருகிறோம். முன்பெல்லாம் சாலை இருந்த லட்சணத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது. வண்டியில் இருக்கும் சிறு கோளாறு சாலையின் குலுக்கலில் மறைந்து போகும். இப்போது நான்கு வழிச் சாலையில் 80, 90 என்று போகிறோம். அந்த வேகத்தில்தான் சக்கரத்தின் குறை கைக்குத் தெரிகிறது.

இந்த விஷயத்தில் நான் பணத்தை இழந்தேன். பணத்தை விடப் பெரிதான ஒன்றையும் இழந்தேன். மற்றவர்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2022-ஆம் ஆண்டு எங்கள் கார் 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டங்' என்று சத்தம் வந்தது. பட்டறையில் விட்டு 4 ஷாக் அப்சார்பர்களையும், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களையும் மாற்றினோம். அதே வாரத்தில், என் மகன் ஆசைப்பட்டான் என்பதற்காக, காரோடு வந்த அலாய் வீல்களைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் பளபளப்பான புது அலாய் வீல்கள் போட்டோம். டயர்கள் பாதிதான் தேய்ந்திருந்ததால் அவற்றையே புது வீலில் மாட்டிக் கொண்டோம்.

மறுநாள் விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் புறப்பட்டோம். 12 வருடமாக எங்களிடம் இருந்த டிரைவர்தான் ஓட்டினார். "அண்ணாச்சி, ஸ்டியரிங் உதறுது. 70 வரைக்கும் ஒண்ணும் இல்ல. 80-ஐத் தொட்டா கை நடுங்குது" என்றார்.

டயர் கடைக்குப் போனோம். வீல் பேலன்சிங் செய்தார்கள். உதறல் போகவில்லை. மறுபடியும் செய்தார்கள். மூன்றாம் முறையும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் மிஷின் 'பூஜ்யம்' காட்டியது. வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். டயர் சரியில்லை என்று முன்பக்கம் இரண்டு புது டயர் போட வைத்தார்கள். எல்லாமாக ரூ.19,000 செலவு. உதறல் அப்படியே இருந்தது. கடைசியில், "டிரைவர் எங்காவது சாலை நடுத் தடுப்பில் இடித்திருப்பார். அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்" என்றார்கள்.

நானும் அதை நம்பினேன். கடைப் பையன்கள் நிற்கும்போதே டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லை அண்ணாச்சி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். செலவைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசி வரை வந்தார். பிறகு சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மேல் குற்றம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்வதற்கு முன், உதறல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

30 கிராம் என்ன செய்யும்?

எடை பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 30 கிராம் என்றால் ஒரு கைப்பிடி கடுகு. ஆனால் அது சுற்றும்போது கணக்கே வேறு.

எங்கள் காரின் டயர் அளவு 205/65 ஆர் 15. அது ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 2 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். ஆகவே சக்கரம் ஒரு நொடியில் 11 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 700 கிராம். 80 கிலோமீட்டரில் அதே 30 கிராம் 2 கிலோ 700 கிராம் விசையோடு இழுக்கும். 100-இல் 4 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கு அறிந்து தள்ளினால் சிறு தள்ளலுக்கே பெரிதாக ஆடும். வண்டியின் சக்கரம், ஸ்பிரிங், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கும் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை இருக்கும். 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின் சுற்று இந்த ஆட்டத்தோடு ஒத்துப் போகிறது. அதனால்தான் 60-இல் சாதுவாக இருந்த வண்டி 85-இல் உதறுகிறது. சில வண்டிகளில் 110-ஐத் தாண்டினால் உதறல் குறைந்தது போல் தெரியும். கோளாறு போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆகவே வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு

இந்த இரண்டையும் நம்மில் பலர் ஒன்று என்று நினைக்கிறோம். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. அலைன்மென்ட் என்பது நான்கு சக்கரங்களும் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது. அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதனால் நேரடியாக உதறல் வருவது அபூர்வம். உதறலுக்கு அலைன்மென்ட் பார்த்துக் காசு கொடுப்பது, எடை குறைகிறது என்று கடைப் பெயர்ப் பலகையைத் திருத்துவது போலத்தான்.

அறிகுறியைக் குறித்துக் கொள்ளுங்கள்

பட்டறைக்குப் போகுமுன், ஒருவர் ஓட்ட இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்.

1. ஸ்டியரிங் உதறினால் முன் சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டியரிங் சும்மா இருந்து, இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களைப் பார்க்க வேண்டும்.

2. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால், பிரேக் டிஸ்க்கின் கனம் சீராக இல்லை என்று பெரும்பாலும் சொல்லலாம்.

3. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தவுடன் நின்றால், முன்சக்கர இழுவை உள்ள கார்களில் ஆக்சில் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். பின்சக்கர இழுவை வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதன் கிராஸையும் பார்க்க வேண்டும். இந்த ஷாஃப்ட் சக்கரத்தை விட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வு பெரிய உதறலாக இராது. வண்டு ரீங்காரம் போலப் பொடியாக இருக்கும்.

4. ஸ்பிரிங் பட்டை கூட்டியோ, வேறு ஸ்பிரிங் போட்டோ வண்டியை உயர்த்தியிருந்தால் அந்த ஷாஃப்ட் நிற்கும் கோணம் மாறிவிடும். சரக்கு வேனில் வெறும் வண்டியில் ஒரு மாதிரியும், சுமை ஏற்றினால் வேறு மாதிரியும் அதிர்ந்தால் இதை முதலில் பாருங்கள்.

5. ஆள் நடமாட்டம், வண்டி நெருக்கம் இல்லாத நேரான சாலையில், உதறும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து வண்டியைத் தானாக ஓட விடுங்கள். அப்போதும் உதறினால் எஞ்சின் காரணமில்லை. சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளவும் கூடும்.

6. பல நாள் நிறுத்திய வண்டி முதல் சில கிலோமீட்டருக்கு மட்டும் தடதடத்து, டயர் சூடானதும் சரியாகிவிட்டால், டயர் அழுந்திய இடம்தான் காரணம். பயப்பட வேண்டாம்.

ஆனால் 20, 30 கிலோமீட்டரிலேயே வண்டி அசைந்து அசைந்து போனாலும், உதறல் நாளுக்கு நாள் கூடினாலும், டயரில் கொப்புளம் தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். உள்ளே டயரின் அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது நட்டு தளர்ந்திருக்கலாம். சரக்கைப் பிறகு கொண்டு வந்து கொள்ளலாம்.

செலவில்லாததை முதலில் பாருங்கள்

சக்கரத்தின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? காற்று, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது சரியான அளவில் இருக்கிறதா? பேலன்ஸ் எடை கழன்று விழுந்த தடம் தெரிகிறதா? இவற்றுக்குக் காசு வேண்டாம்.

அடுத்து ஜாக்கி போட்டு, வண்டிக்கு அடியில் பலமான தாங்கலும் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரிம் அருகில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் ரிம் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். டயர் உருண்டையாக இருக்கிறதா என்றும் இப்படியே பார்க்கலாம். பேலன்சிங் மிஷின் எடையைத்தான் பார்க்கும். கோணலான டயரையும் அது எடை வைத்துச் சமன் செய்துவிடும். சாலையில் உருளும்போதுதான் கோணல் தெரியும்.

பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு முனை.

ஷாக் அப்சார்பர் மாற்றியவர்களுக்கு இரண்டு செய்திகள். பழைய ஷாக் அப்சார்பர் நெடுநாள் கெட்டிருந்தால் டயரில் குழி குழியாகத் தேய்மானம் விழுந்திருக்கும். ஷாக் அப்சார்பர் புதிதானாலும் டயரில் விழுந்த தழும்பு போகாது, சத்தமும் அதிர்வும் தொடரும். இரண்டாவது, லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் இதைச் செய்யாமல் விடும் பட்டறைகள் உண்டு. பக்கத்தில் நின்று கேட்டுக் கொள்ளுங்கள்.

முன் சக்கரத்தைப் பின்னுக்கும், பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஸ்டியரிங்கில் இருந்த உதறல் இருக்கைக்கு இடம் மாறினால் கோளாறு சக்கரத்தோடு போகிறது என்று அர்த்தம். இடம் மாறாமல் ஸ்டியரிங்கிலேயே நின்றால் கோளாறு வண்டியில் இருக்கிறது. ஆனால் நான்கு சக்கரமும் ஒரே மாதிரித் தவறாக மாட்டப்பட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். எங்கள் காரில் இருந்தது அந்த நிலைதான்.

கடைசியாக எப்போது சரியாக இருந்தது?

டிரைவர் போன பிறகு, சாத்தூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு அண்ணாச்சி? அதுக்கப்புறம் என்னென்ன மாத்துனீங்க?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேரேட்டில் கணக்கு இடித்தால் நான் கணக்குப்பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கடைசியாக என்று கணக்கு நேரானது, அதன் பிறகு என்னென்ன பதிவானது என்று பார்த்தால் பிழை அந்த இடைவெளியில்தான் இருக்கும். 40 வருடம் கடையில் கடைப்பிடித்த முறையை ஒரு காருக்குக் கடைப்பிடிக்க எனக்குத் தோன்றவில்லை.

மாற்றியது மூன்று: ஷாக் அப்சார்பர், புஷ், வீல். "பழைய வீல் இருக்கா?" என்றார். நல்லவேளையாக அவற்றை விற்கவில்லை, குடோன் மூலையில் கிடந்தன. டயர்களைக் கழற்றி அந்தப் பழைய வீல்களில் மாட்டி, பேலன்சிங் செய்து ஓட்டினோம். 80, 90, 100. காரா இது என்று நினைக்கும்படி ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. டயர் குற்றமில்லை, ஷாக் அப்சார்பர் குற்றமில்லை, புஷ் குற்றமில்லை. குற்றம் புது வீலில், அல்லது அதை மாட்டிய முறையில்.

அவர் புது வீலை எடுத்து நடுத்துளையைக் காட்டினார். கார் ஹப்பின் நடுமேடு 60.1 மில்லிமீட்டர். புது வீலின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர். வெளிக்கடை வீல்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று துளையைப் பெரிதாகவே வைத்துச் செய்கிறார்கள். அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும். சுமையைத் தாங்குவது நட்டின் இறுக்கம்தான். சக்கரத்தை நடுமையத்தில் நிறுத்துவது வளையத்தின் வேலை. எங்கள் வீலில் வளையமே இல்லை.

நட்டும் தவறாக இருந்தது. பழைய வீலின் நட்டு தட்டையான வாஷரோடு உட்காருவது. புது வீலுக்குக் கூம்பு வடிவ நட்டு வேண்டும். கடையில் பழைய நட்டையே போட்டு முறுக்கிவிட்டார்கள். தட்டை நட்டு கூம்புக் குழியில் எப்படி உட்காரும்? வளையமும் இல்லை, நட்டும் பொருந்தவில்லை என்றால் சக்கரம் மையத்தில் நிற்காது.

டயரோடு சேர்ந்த ஒரு சக்கரம் ஏறக்குறைய 19 கிலோ. அது மையத்தை விட்டு அரை மில்லிமீட்டர் விலகினால், ரிம் ஓரத்தில் 50 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அப்படியானால் பேலன்சிங் மிஷின் ஏன் பூஜ்யம் காட்டியது? மிஷினில் சக்கரத்தை அதன் நடுத்துளையில் கூம்பு வைத்து மையப்படுத்துகிறார்கள். காரில் அது வேறு மையத்தில் சுற்றியது. மிஷின் பொய் சொல்லவில்லை. நாம்தான் ஒரு தராசில் நிறுத்ததை வேறு தராசுக்குப் பொருத்திப் பேசினோம்.

இதை விடப் பயங்கரம் ஒன்று இருந்தது. அந்தப் புது வீல்களை முதலில் கழற்றும்போதே ஒரு சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கையாலேயே சுற்றி வந்தன. பேத்தியைக் கூட்டிக் கொண்டு அந்தக் காரில்தான் மதுரைக்குப் போய் வந்தேன்.

வளையமும் கூம்பு நட்டும் சேர்த்து ரூ.2,000-க்குள் முடிந்தது. இப்போது அந்தப் புது வீல்களே உதறல் இல்லாமல் ஓடுகின்றன.

நினைவில் வைக்க வேண்டியவை

புது வீல் வாங்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும் ஒன்றுதானா? நடுத்துளைக்கு வளையம் உண்டா? நட்டு இந்த வீலுக்கு உரியதா? நம் வண்டியும் சரக்கும் சேர்ந்த சுமையைத் தாங்குமா? பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

வீல் மாட்டுமுன் ஹப்பின் முகத்தில் துருவும் மண்ணும் இல்லாமல் தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள். நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியோடு நிறுத்தாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். பல கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி அளவு இருக்கும். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்கவிட்ட இறுக்கம். உங்கள் வண்டியின் அளவு அதனுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒரே நேரத்தில் மூன்றை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்து, நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். பழைய பாகத்தை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

டிரைவரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். பிடித்தம் செய்த பணத்தையும் கொடுத்தேன். "பரவாயில்ல அண்ணாச்சி" என்று காப்பி கொடுத்தார். ஆனால் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், திரும்பி வரவில்லை.

இருப்புக் குறைந்தால் கடைப் பையனைத் திட்டுமுன் கணக்கைப் பார்க்கிறோம். வண்டி உதறினாலும் அப்படியே செய்வோம். முதலில் வண்டியைப் பார்ப்போம், பிறகு ஆளைப் பார்ப்போம்.